மரவாளும் கைத்துப்பாக்கியும்

புதிதாக ஒரு பொருளை வாங்கியவர் அதன் குணநலன்களைச் சொல்லக் கேட்பதில் எனக்கு எப்போதும் விருப்பமுண்டு. நீர்ப்பம்பி வாங்கிய தோட்டக்காரர் எத்தனை பரப்புக்குத் தண்ணீர் பாயும் என்பார். தையல் இயந்திரம் வாங்கிய பெண் பெருநாளைக்கு எத்தனை சட்டை தைக்கலாம் என்று கணக்குப் பார்ப்பார். பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நாம் நினைப்போம். உண்மையில் அவர்கள் பேசுவது அந்தப் பொருளைக் கொண்டு தாம் வாழப்போகும் நாட்களைப் பற்றித்தான்.

அமெரிக்காவில் குடியேறிவிட்ட என் பால்ய நண்பர் ஒருவர் தொலைபேசியில் இப்படித்தான் ஒரு பொருளை விவரிக்கத் தொடங்கினார். அவர் வாங்கியிருந்தது ஒரு பிஸ்டல். துருக்கியின் கருங்கடல் கரையிலுள்ள சம்சூன் நகரில் தயாராகி, அமெரிக்காவில் சில நூறு டொலர்களுக்கு விற்கப்படும் அரைத்தன்னியக்கக் கைத்துப்பாக்கி.

"மச்சான், முஸ்லிம் நாட்டுச் சாமான். பேர்போன கொம்பனிகளின்ட விலையில பாதிதான். கைக்கு அடக்கம். சேட்டுக்குள்ள வச்சா ஒருத்தருக்கும் தெரியாது. பதினெட்டு ரவுண்ட்ஸ், ஒருக்காலும் இறுகினதில்ல" என்றார்.

"என்னத்துக்கு வாங்கினாய்?" என்று கேட்டேன்.

"காலம் சரியில்ல. வீட்டில பிள்ளைகள் இருக்கு" என்றார்.

அவர் தீயவரல்லர். தொழுகையாளி, குடும்பத்துக்காக உழைப்பவர். அவருடைய அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவும் இல்லை. ஆனால் அரைமணி நேரம் அவர் சொன்ன குணநலன்களில் ஒன்றைக் காணவில்லை. நீர்ப்பம்பி வாங்கியவர் தோட்டத்தைச் சொன்னார், தையல் இயந்திரம் வாங்கியவர் சட்டையைச் சொன்னார். இவரோ அந்தப் பிஸ்டலின் மறுமுனையில் நிற்கப்போகும் மனிதனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. எடை, பிடி, விசை, விலை எல்லாம் வந்தன. அந்தப் பொருள் எதற்காகச் செய்யப்பட்டதோ அது மட்டும் வரவில்லை.

அவர் பாராட்டிய குணங்கள் மூன்று. மலிவு, சிறுமை, வேகம். ஒரு கருவியின் சிறப்புகளாக இவற்றைச் சொல்லும்போது நாம் ஓர் ஒழுக்கக் கேள்வியை மெல்லக் கடந்துபோய்விடுகிறோம் என்பது என் எண்ணம். அந்தக் கேள்வியை யாழ்ப்பாணத்து மண்ணில் நின்று கேட்டுப் பார்க்க விரும்புகிறேன். ஏனெனில் இந்த மூன்று குணங்களுக்கும் நாம் கொடுத்த விலை இங்கே எழுதப்பட்டிருக்கிறது.

முதலில் ஒரு தடையை நீக்கிவிட வேண்டும். "துவக்கு யாரையும் கொல்வதில்லை, மனிதன்தான் கொல்கிறான். கருவிக்கு நன்மை தீமை ஏது?" என்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்று நமது மார்க்கமும் போதிக்கிறதே என்று இதற்கு ஆதாரம் காட்டுவோரும் உண்டு. ஆனால் இதற்கு எதிரான சான்றொன்றை நமது நாடே உலகுக்குக் கொடுத்திருக்கிறது.

1995ஆம் ஆண்டளவில் இலங்கையின் தற்கொலை வீதம் ஓர் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47. உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. அவ்வாண்டிலும் 1998இலும் மிகக் கொடிய விவசாய நஞ்சுகள் சில தடைசெய்யப்பட்டன. அடுத்த பத்தாண்டுக்குள் அந்த வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அந்தக் காலத்தில் யுத்தம் நின்றிருக்கவில்லை. வறுமை ஒழிந்திருக்கவில்லை. கடன், காதல் தோல்வி, குடும்பச் சண்டை எதுவும் நாட்டைவிட்டுப் போகவில்லை. மனிதர்களின் துயரம் அப்படியே இருந்தது. கைக்கெட்டும் தூரத்திலிருந்த ஒரு போத்தல் மட்டும் இல்லாமல் போயிற்று. அந்த ஒரு கணம் கடந்துபோனதால் ஆயிரக்கணக்கானோர் உயிரோடு எழுந்தார்கள். எண்ணம் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிக்குமென்றால் இது நடந்திருக்க முடியாது. கருவி அருகில் இருப்பதும் ஒரு காரணமே. நண்பர் வாழும் அமெரிக்காவில் துப்பாக்கியால் நிகழும் மரணங்களில் பாதிக்கு மேற்பட்டவை தற்கொலைகள் என்பதையும் இத்துடன் சேர்த்து நினைக்க வேண்டும். வீட்டைக் காக்க வாங்கிய பொருள் முதலில் வீட்டிலுள்ளவரின் கைக்குத்தான் எட்டுகிறது.

ஆகவே கருவியைப் பற்றிக் கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு. இனி அந்த மூன்று குணங்களுக்கு வருவோம்.

மலிவு. எழுபதுகளின் தொடக்கத்தில் வல்வெட்டித்துறைப் பையன்கள் சிலர் சேர்ந்து ஒரு ரிவோல்வர் வாங்க ஆசைப்பட்ட கதையைப் பின்னாளில் அவர்களில் ஒருவரே நேர்காணலில் சொல்லியிருக்கிறார். சண்டியன் ஒருவன் அதை 150 ரூபாவுக்கு விற்கத் தயாராக இருந்தானாம். பையன்கள் வாரத்துக்கு 25 சதம் என்று சேர்த்தார்கள். நாற்பது ரூபா சேர்ந்தது. ஒரு திருமண வீட்டில் கிடைத்த மோதிரத்தை விற்றதில் எழுபது ரூபா வந்தது. மொத்தம் 110. இன்னும் நாற்பது ரூபா போதாமல் அந்த யோசனை கைவிடப்பட்டது. அதைச் சொன்னவர் வேலுப்பிள்ளை பிரபாகரன்.

இந்தக் கதையை வீரக்கதையின் முதல் அத்தியாயமாகச் சொல்வோர் உண்டு. நான் அதை வேறு விதமாகப் படிக்கிறேன். அந்த நாற்பது ரூபா ஒரு வாசற்கதவு. அது மூடியிருந்தவரையில் அவர்கள் பையன்களாகவே இருந்தார்கள். ஆயுதத்துக்கு விலை அதிகமாக இருந்தால், அதை வாங்க நினைப்பவன் பலரிடம் கேட்கவேண்டும், பலருக்கு விளக்கம் சொல்லவேண்டும். கேட்கப்படுபவர்களில் யாராவது ஒருவர் "ஏன்டா தம்பி?" என்று திருப்பிக் கேட்பார். மலிவு அந்தக் கேள்வியை இல்லாமலாக்குகிறது.

1916ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டமும் அடிப்படையில் இப்படியொரு கதவுதான். வெள்ளைக்காரன் தன் ஆட்சியைக் காக்க அதைக் கொண்டுவந்தான் என்பது உண்மை. ஆயினும் வருடாவருடம் புதுப்பிக்கும் அனுமதிப்பத்திரம் என்பது, "உன்னிடம் இருப்பதை நாங்கள் அறிவோம், நீ அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன்" என்று சமூகம் ஒருவனுக்கு நினைவூட்டும் முறை. 2024 நவம்பரில், தற்பாதுகாப்புக்கெனத் தனியாருக்கு வழங்கப்பட்ட துப்பாக்கிகளை மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு கேட்டபோது, அந்தப் பழைய நினைவூட்டல்தான் மீண்டும் ஒலித்தது.

சிறுமை. இதுதான் மூன்றிலும் ஆழமானது. கொல்லும் வலிமையில் பிஸ்டல் பெரிய ஆயுதமல்ல. வன்னியில் பன்றிக்கு வைத்திருந்த வேட்டைத் துவக்கு அதைவிட வலியது. ஆனால் வேட்டைத் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவன் ஒழுங்கைக்குள் வந்தால் ஊரே பார்க்கும். நாய் குரைக்கும், பெண்கள் கதவைச் சாத்துவார்கள், பெரியவர் ஒருவர் வேலிக்கு மேலால் "எங்க போறாய்?" என்று கேட்பார். பிஸ்டலின் தனித்தன்மை அதன் குண்டில் இல்லை, அது மறைந்திருப்பதில் இருக்கிறது. அது வேலை செய்யும் தூரம் ஆறேழு முழம். அந்தத் தூரத்துக்குள் இன்னொரு மனிதனை நெருங்கவேண்டுமானால் முதலில் அவனுடைய நம்பிக்கையைப் பெறவேண்டும். ஸலாம் சொல்லும் தூரமும் அதுதான்.

வரலாற்றைப் புரட்டிப் பாருங்கள். 1948 ஜனவரி 30ஆம் திகதி டில்லியில் காந்தியைச் சுட்டவன் இத்தாலியில் செய்த பெரெட்டா என்னும் அரைத்தன்னியக்கப் பிஸ்டலைக் கொண்டுவந்தான். சுடுமுன் கைகூப்பி வணங்கினான். 1959 செப்டெம்பர் 25ஆம் திகதி கொழும்பில் பிரதமர் பண்டாரநாயக்க தம் வீட்டு விறாந்தையில் ஒரு பிக்குவைப் பணிவோடு வரவேற்றார். காவியுடைக்குள் ரிவோல்வர் இருந்தது. 1975 ஜூலை 27ஆம் திகதி பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு வழிபட வந்த யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா, வாசலில் காத்துநின்ற இளைஞர்களால் சுடப்பட்டார். 1989 ஜூலை 13ஆம் திகதி அமிர்தலிங்கமும் யோகேஸ்வரனும் பேச வந்தவர்களைச் சோதனையின்றி வீட்டுக்குள் அழைத்து, தேநீர் கொடுத்து உபசரித்துக்கொண்டிருந்தபோது கொல்லப்பட்டார்கள். கைகூப்பு, வரவேற்பு, கோயில் வாசல், தேநீர். கொலைகாரர் ஒவ்வொருவரும் நுழைந்த வழி மனிதர் ஒருவரையொருவர் நம்பும் வழிதான்.

அறபியில் 'ஃபத்க்' என்றொரு சொல் இருக்கிறது. நம்பியிருப்பவனை வஞ்சகமாக நெருங்கிக் கொல்வது என்று பொருள். ஈமான் ஃபத்க்குக்கு விலங்கிடுகிறது, முஃமின் அதைச் செய்யமாட்டான் என்ற கருத்தில் ஒரு நபிமொழி அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. எதிரியோடு களத்தில் பொருதிய ஒரு சமூகத்துக்குச் சொல்லப்பட்ட அறிவுரை அது. ஸலாம் என்பது வெறும் முகமன் அன்று. என்னால் உனக்குத் தீங்கில்லை என்ற வாக்குறுதி. இடுப்பில் ஆயுதத்தை மறைத்துக்கொண்டு ஸலாம் சொல்பவன், வாக்குறுதியின் ஒரு பகுதியை வாயிலும் மறுபகுதியைச் சட்டைக்குள்ளும் வைத்திருக்கிறான்.

நமது வரலாற்றிலும் அந்தக் காயம் உண்டு. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 23இல் சுபஹுத் தொழுகையில் நின்றபோது ஆடைக்குள் மறைத்துக் கொண்டுவரப்பட்ட இருமுனைக் கத்தியால் குத்தப்பட்டார்கள். அலீ (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 40இல் கூஃபாவில் வெட்டுண்டார்கள். அதன் பின்னர் நடந்த ஒன்றைக் கவனியுங்கள். பள்ளிவாசலுக்குள் ஆட்சியாளர் தொழுவதற்கென 'மக்ஸூரா' என்ற தடுப்பு எழுந்தது. முஆவியா (ரலி) அவர்கள் தம்மீது கத்திக்குத்து நடந்தபின் முதன்முதலில் அதை அமைத்ததாக இப்னு கல்தூன் எழுதுகிறார். தலைவனும் அடிமையும் தோளோடு தோள் நின்ற இடத்தில் ஒரு சுவரை எழுப்பியது எந்தப் படையும் அல்ல. ஒரு மனிதன் சட்டைக்குள் மறைத்த ஒரு சாண் இரும்பு.

வேகம். அரைத்தன்னியக்கம் என்பதன் பொருள் எளியது. ஒரு ரவை வெடிக்கும்போது எழும் உதைப்பே மேற்பகுதியைப் பின்னுக்குத் தள்ளி, வெற்றுக் கோதை வெளியே எறிந்து, அடுத்த ரவையை ஏற்றிவைத்துவிடும். விரல் மறுபடி விசையை இழுத்தால் போதும். அதாவது முதலாவது செயலே இரண்டாவது செயலுக்கு ஆயத்தம் செய்துவிடுகிறது. பழைய துவக்குக்கு ஒவ்வொரு முறையும் மருந்து இடித்து நிரப்பவேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் மனிதன் மூச்சு விட்டான். எதிரே நிற்பவன் ஓடினான். யாரோ ஒருவர் கையைப் பிடித்தார்.

நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டலில் இந்த இடைவெளிக்கு எவ்வளவு முக்கியத்துவம் இருக்கிறது என்று பாருங்கள். கோபம் வந்தால் நிற்பவர் உட்காரட்டும், அப்போதும் தணியாவிட்டால் படுக்கட்டும் என்றார்கள். அம்போடு பள்ளிவாசலுக்கோ சந்தைக்கோ வருபவர் அதன் முனையைக் கையால் பொத்திக்கொள்ள வேண்டும் என்றார்கள். உருவிய வாளைக் கைமாற்றக் கூடாது என்று தடுத்தார்கள். விளையாட்டுக்காகவும் சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டாதீர்கள் என்று எச்சரித்தார்கள். இவை வாளை ஒழித்த கட்டளைகள் அல்ல. வாளுக்கும் வெட்டுக்கும் இடையில் எத்தனை கதவுகளை வைக்கலாமோ அத்தனையையும் வைத்த கட்டளைகள். நண்பர் தம் பிஸ்டலில் பாராட்டிய மூன்று குணங்களும் அந்தக் கதவுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்த பிறகு மிஞ்சுபவை. மலிவு, பிறரிடம் கேட்கும் கதவைக் கழற்றுகிறது. சிறுமை, பிறர் நம்மைக் காணும் கதவைக் கழற்றுகிறது. வேகம், நாமே நம்மைக் கேட்கும் கதவைக் கழற்றுகிறது.

இதுவரை சொன்னதை வாசிக்கும் வடபுலத்து முஸ்லிம் ஒருவரின் மனதில் ஒரு கேள்வி எழாமல் இராது. என் வகுப்பில் ஒன்பதாம் ஆண்டு மாணவன் ஒருவன் அதைக் கேட்டே விட்டான். "சேர், அன்றைக்கு எங்கட ஆக்களிட்ட ஒரு பிஸ்டலாவது இருந்திருந்தா?"

அவன் கேட்டது 1990 ஒக்டோபர் 30ஐப் பற்றி. அன்று யாழ்ப்பாணம் சோனகத்தெருவில் ஒலிபெருக்கி அறிவித்தது. குடும்பத்துக்கு ஒருவராக ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்தில் கூடச் சொன்னார்கள். கூடியவர்களிடம் விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறும்படி கட்டளையிட்டார்கள். அந்த மாதத்துக்குள் வடமாகாணத்திலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வேரோடு பிடுங்கப்பட்டனர். அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர், ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு, காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். நிராயுதபாணியாக இருந்ததற்குக் கிடைத்த கூலி இதுவா என்று ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை கேட்பதைத் தவறென்று நான் சொல்லமாட்டேன்.

அவனுக்கு இரண்டு பதில்கள் சொன்னேன்.

முதலாவது எளிய கணக்கு. நூற்றுக்கணக்கான தானியங்கித் துப்பாக்கிகள் சூழ்ந்த தெருவில் ஒரு வீட்டு அலுமாரியிலிருந்து ஒரு பிஸ்டல் வெளியே வந்திருந்தால், சோனகத்தெரு வெறுமையாவதற்குப் பதிலாக மையவாடியாகியிருக்கும். தம் உடைமையைக் காக்கும்போது கொல்லப்படுபவர் ஷஹீத் என்று நபிமொழி இருக்கிறது. தற்காப்பு நமக்கு மறுக்கப்பட்ட உரிமையல்ல. ஆனால் காப்பதற்கும் சுடுவதற்கும் வித்தியாசமுண்டு. கிழக்கில் 1990க்குப் பின் ஊர்காவல் படையினருக்கு அரசு துவக்குக் கொடுத்தது. அவை சில ஊர்களைக் காத்தன. அதே துவக்குகள் அயலிலிருந்த தமிழ்க் கிராமங்களின் அப்பாவிகள் மீது திரும்பியதாகவும் பதிவுகள் இருக்கின்றன. அந்தப் பதிவுகளை நாம் நம் பக்கத்திலிருந்தே வாசிக்கப் பழகவேண்டும்.

இரண்டாவது பதில் எனக்கு முக்கியமானது. நம்மிடம் பிஸ்டல் இல்லாததால் நாம் வெளியேற்றப்பட்டோம் என்று நான் நினைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அதற்கு முந்திய பதினைந்து ஆண்டுகளாகப் பிஸ்டல் இருந்ததால்தான் அது முடிந்தது.

1975இல் பொன்னாலையில் விழுந்த துரையப்பா சோனகத்தெரு மக்களின் வாக்குகளையும் பெற்று வந்தவர். அவருடைய அரசியலை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். வாக்குச் சீட்டால் அதைச் செய்திருக்கலாம். அவரைக் கொன்றதற்கு 1978இல் விடுதலைப் புலிகள் பகிரங்கமாகவே உரிமை கோரினார்கள். 1985 ஜூன் 26ஆம் திகதி பரி. யோவான் கல்லூரி அதிபர் ஆனந்தராஜன் சுடப்பட்டார். இராணுவத்தினரோடு மாணவர்கள் கிரிக்கெட் விளையாட ஏற்பாடு செய்ததே அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றம். 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி மருத்துவபீட விரிவுரையாளர் ராஜினி திராணகம பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுடப்பட்டார். எல்லாத் தரப்பாரின் அத்துமீறல்களையும் எழுதியவர் அவர். இடையில் பெயரறியாத எத்தனையோ பேர் மின்கம்பங்களில் கட்டப்பட்டனர். 'மண்டையில் போடுதல்' என்ற சொற்றொடர் யாழ்ப்பாணத்துப் பேச்சில் சாதாரணமாகப் புழங்கத் தொடங்கியது. ஒரு சமூகத்தின் மொழிக்குள் அப்படியொரு சொற்றொடர் குடியேறும்போது பல சொற்கள் அங்கிருந்து குடிபெயர்ந்துவிடுகின்றன. "இது அநியாயம்" என்பது அவற்றுள் ஒன்று.

அரச படைகளின் துவக்குகளை இங்கே நான் மறைத்துப் பேசவில்லை. 1981இல் எரிந்த நூலகமும் 1983 ஜூலையும் இல்லாமல் இளைஞர் கைகளில் ஆயுதம் ஏறிய வேகத்தை விளங்கிக்கொள்ள முடியாது. அந்தக் கோபம் உண்மையான கோபம். ஆனால் அரசை நோக்கி வாங்கப்பட்ட பிஸ்டல், தூரத்திலிருந்த அரசைவிட அருகிலிருந்த அண்ணனையும் ஆசிரியரையும்தான் எளிதாகக் கண்டுகொண்டது. அருகிலிருப்பவரைத்தான் அதனால் சுட முடியும். அதன் இயல்பே அதுதான்.

1990 ஒக்டோபரில் நம்மை வழியனுப்பிய தமிழ் அயலவர்களில் அழுதவர்கள் இருந்தார்கள். மைதானத்துக்கு வந்து "இவர்களை விடுங்கள், இவர்கள் எங்கள் சனம்" என்று உரத்துச் சொல்லக்கூடியவர்களும் ஒருகாலத்தில் அந்த ஊரில் இருந்தார்கள். ஓர் அதிபர் சொல்லியிருப்பார், ஒரு விரிவுரையாளர் சொல்லியிருப்பார், ஒரு மேயர் சொல்லியிருப்பார். அப்படிப்பட்டவர்களில் பலர் ஏற்கனவே மண்ணுக்குள் இருந்தார்கள். மிஞ்சியவர்கள் அவர்களுடைய முடிவைக் கண்டிருந்தார்கள். ஒரு சமூகத்தின் பாதுகாப்பு அதன் அயலவர்களின் வாயில் இருக்கிறது. அந்த வாயைத்தான் பிஸ்டல் முதலில் அடைத்தது. நாம் அதன் கடைசி விளைவுகளில் ஒன்று.

இதைத் தமிழர் தரப்புக்கு மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போக எனக்கு மனமில்லை. 2018 நவம்பர் 30ஆம் திகதி மட்டக்களப்பு வவுணதீவில் இரண்டு பொலிஸ்காரர்கள் காவற்கடமையில் கொல்லப்பட்டு, அவர்களின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. பழி முன்னாள் புலிகள்மீது விழுந்தது. முன்னாள் போராளி ஒருவர் கைதாகி மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார். 2019 ஏப்ரல் 21இல் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட பின்னர்தான், அந்தப் பொலிஸ்காரர்களைக் கொன்றதும் சஹ்ரானின் கூட்டமே என்று தெரியவந்தது. நம் பெயரைச் சொல்லிக்கொண்ட சிலர் மறைத்து வைத்த ஆயுதத்துக்காகச் சம்பந்தமில்லாத ஒரு தமிழர் சிறையிருந்தார். அடுத்த வாரங்களில் நம் வீடுகளின் அடுக்களைக் கத்தியும் சந்தேகப் பொருளாயிற்று. உயிர்த்த ஞாயிறின் தற்கொலைக் குண்டும் ஃபத்க்கின் இன்னொரு வடிவமே. முதுகுப்பையோடு தேவாலயத்துக்குள் நுழைந்தவனுக்கு முன்னால் நகர்ந்து இடம்விட்டவர்கள் அவனை நம்பியவர்கள்.

ஆகவே "நமக்கும் ஒன்று இருந்தால்" என்ற ஆசை எந்தச் சமூகத்துக்கும் தனிச்சொத்தல்ல. எழுபதுகளில் வாரத்துக்கு 25 சதம் சேர்த்த பையன்களிடமும் அது இருந்தது. அநீதி அவர்களுக்கும் இழைக்கப்பட்டதுதான். ஒவ்வொருவரும் தம் பிஸ்டல் மட்டும் தற்காப்புக்கு என்றே நம்புகிறார்கள். இரண்டு முஸ்லிம்கள் வாளோடு ஒருவரையொருவர் எதிர்கொண்டால் கொல்லப்பட்டவனுக்கும் நரகம் என்ற கருத்தில் ஒரு ஹதீஸ் உண்டு. ஏனென்று ஸஹாபாக்கள் கேட்டபோது, அவனும் மற்றவனைக் கொல்லும் நாட்டத்தோடுதான் இருந்தான் என்று விளக்கம் கிடைத்தது. ஆயுதத்தைத் தேர்ந்தவுடன் அந்த நாட்டத்தின் ஒரு துளி நம்முள் விழுந்துவிடுகிறது. அதன்பின் கதவு தட்டும் ஒவ்வொருவரையும் அந்தத் துளியின் ஊடாகவே பார்க்கிறோம்.

உஹ்பான் இப்னு ஸைஃபீ (ரலி) என்றொரு ஸஹாபி இருந்தார். உள்நாட்டுக் குழப்பம் மூண்ட காலத்தில் அலீ (ரலி) அவர்கள் அவருடைய வீட்டுக்கு வந்து தம்மோடு புறப்பட அழைத்தார்கள். உஹ்பான் மறுக்கவில்லை. மக்கள் பிளவுபடும்போது மரத்தால் ஒரு வாள் செய்துகொள்ளும்படி நபியவர்கள் தமக்கு உபதேசித்திருப்பதாகச் சொல்லி, செய்து வைத்திருந்த மரவாளைக் காட்டினார். "விரும்பினால் இதோடு வருகிறேன்" என்ற பொருளில் சொன்னார். அலீ (ரலி) அவர்கள் அவரை அப்படியே விட்டுச் சென்றார்கள். திர்மிதீயிலும் இப்னுமாஜாவிலும் இந்தச் செய்தி இருக்கிறது.

இந்த மரவாளைப் பற்றி நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். கோழைக்கு மரவாள் தேவையில்லை, அவன் ஒளிந்துகொள்வான். உஹ்பான் ஒளியவில்லை. வாசலில் நின்றார், அழைப்புக்குப் பதில் சொன்னார், தன் கையில் இருப்பதை எல்லோரும் காணக் காட்டினார். பிஸ்டலுக்கு நேரெதிரான பொருள் அது. பிஸ்டல் மறைந்திருக்கும், மரவாள் தெரியும். பிஸ்டல் கேள்வியை முடித்துவிடும், மரவாள் கேள்வியைத் தொடக்கிவைக்கும். "ஏன் இது மரத்தால்?" என்று கேட்பவருக்கெல்லாம் அவர் தம் நிலைப்பாட்டை விளக்கியாக வேண்டும். அதற்குத் தனித் துணிவு வேண்டும்.

நமக்கு வேண்டிய பாதுகாப்பு அந்தத் திசையில்தான் இருக்கிறது என்பது என் முடிவு. ஆயுதம் ஏந்தவேண்டிய கடமை இருந்தால் அது பெயரும் இலக்கமும் உள்ள, நீதிமன்றத்துக்குப் பதில் சொல்லக்கூடிய ஒருவரின் கையில் வெளிப்படையாக இருக்கட்டும். அவர்கள் கடமை தவறினால் அதைக் கேட்க வாய்கள் வேண்டும். மீளக் குடியேறிய நம் மக்கள் காணிக்காகவும் வீட்டுக்காகவும் அலுவலகங்களில் காத்திருக்கும் இந்தக் காலத்தில், அவர்களுக்காகப் பேசும் தமிழர் ஒருவரும், தமிழரின் காணாமற்போன பிள்ளைகளுக்காகப் பேசும் முஸ்லிம் ஒருவரும் எழுந்து நிற்பதைவிடப் பெரிய காவலை எந்தச் சம்சூன் நகரத்துத் தொழிற்சாலையும் செய்து தரமுடியாது. அப்படி எழுந்து நிற்பவர் பயமின்றி வீடு திரும்பவேண்டும். எதிரே வருபவர் ஸலாமோ வணக்கமோ சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல இயலவேண்டும், கையைப் பார்த்தல்ல. யாழ்ப்பாணத்தின் ஒழுங்கைகளில் அந்த ஒரு பழக்கம் மறுபடி வேரூன்ற எத்தனை ஆண்டுகளாகும் என்று நான் கணக்கிட்டதில்லை. என் வகுப்பிலுள்ள பிள்ளைகளுக்கு அது இயல்பாக வாய்த்தால் போதும்.